நுரையீரல் கட்டி வேகமானதா? மரபணு வெளிப்பாட்டை வைத்துப் பார்க்கப் பழகுவோம்

கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளும், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: திருகோணமலையில் இருந்துகொண்டே புற்றுநோய் ஆய்வில் எதையாவது தொட்டுப் பார்க்க முடியுமா? கட்டியிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்து வாசிக்கும் வசதி நமக்குக் கிட்டத்தில் இல்லை. ஆனால் அந்த வேலை முடிந்த ஆயிரக்கணக்கான கட்டிகளின் தரவு இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. ஒரு லப்டொப், சுமாரான இணைப்பு, உயர்தர உயிரியல் அளவுக்கு அறிவு, இவ்வளவும் போதும். போனிலும் பார்க்கலாம்தான். ஆனால் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் எண்களில்தான் விஷயமே இருக்கிறது. போன் திரையில் அவை கண்ணில் படாது.

இந்த வழிகாட்டி ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒரு நுரையீரல் கட்டியில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து, அது வேகமாகப் பரவும் ரகமா, மெதுவாக நகரும் ரகமா என்று சொல்ல முடியுமா?

தொடங்குவதற்கு முன் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். எந்தப் பொத்தானை அமுக்கினாலும், அதற்கு முன் நான்கு விஷயங்களைப் பேனையால் எழுதுங்கள்: எந்த மரபணு, எந்த நோயாளர் கூட்டம், அவர்களை எங்கே இரண்டாகப் பிரிக்கப் போகிறீர்கள், என்ன விடை வரும் என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகள் முதலில் கைவிடுவது இதைத்தான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அளப்பது என்ன?

உடம்பின் கலங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. எந்த மரபணு தூது ஆர்.என்.ஏ. ஆகப் பிரதி எடுக்கப்படுகிறது, எத்தனை பிரதி என்பதில்தான் கலத்துக்குக் கலம் வித்தியாசம். நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான பொருள் வேண்டும். அதைச் சுரக்கும் கலங்களில் எஸ்.எஃப்.டி.பி.சி. என்ற மரபணு ஓய்வில்லாமல் பிரதியாகிக்கொண்டே இருக்கும். அதே கலம் புற்றாக மாறும்போது இந்த உத்தியோகத்தை மெல்ல மெல்ல விட்டுவிட்டு, பிரிந்து பெருகுவதற்கான மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது. இந்தப் பிரதிகளை அளப்பதுதான் மரபணு வெளிப்பாட்டை அளப்பது.

தரவு இரண்டு விதமாக வரும். பழையது மைக்ரோஅரே: ஒரு சில்லில் ஒட்டும் மூலக்கூறுகளின் ஒளிர்வை அளப்பது. புதியது ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்: பிரதிகளை நேரடியாக வாசித்து எண்ணுவது. இரண்டிலும் எண்களை அடி இரண்டு மடக்கையில்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அதாவது அளவுகோலில் 1 கூடினால் இரண்டு மடங்கு, 3 கூடினால் எட்டு மடங்கு. இப்போதைக்கு இவ்வளவு கணிதம் போதும்.

‘வேகம்’ என்பதை நீங்களே தீர்மானியுங்கள்

எந்தத் தளத்திலும் ‘வேகம்’ என்று ஒரு நிரல் இருக்காது. நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார், சத்திரசிகிச்சைக்குப் பிறகு எப்போது கட்டி திரும்பி வந்தது, கண்டுபிடித்தபோதே நிணநீர்க் கணுவுக்குப் போயிருந்ததா, நுணுக்குக்காட்டியில் கலங்கள் எவ்வளவு உருக்குலைந்து தெரிந்தன என்ற நான்கில் ஒன்றைத்தான் எல்லோரும் வேகம் என்கிறார்கள். நான்கும் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டுமென்று இல்லை.

மொத்த ஆயுட்காலத்தை எடுத்தால் ஒரு சிக்கல் உண்டு. நுரையீரல் புற்று வருபவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள், பல வருடம் புகைத்தவர்கள். மாரடைப்பில் போனவரும் அந்தக் கணக்கில் ஒரு மரணம்தான். கட்டி திரும்பி வந்த காலம் பதிவாகியிருந்தால் அதை எடுங்கள். கட்டியின் குணத்துக்கு அது கிட்டத்தில் நிற்கிறது. இல்லையென்றால் ஆயுட்காலம். எது என்று கொப்பியில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது கட்டியின் வகை. நுரையீரல் புற்றில் ஏறக்குறைய 85 சதவீதம் சிறுகலம் அல்லாத வகை. மிச்சம் சிறுகல வகை. முதல் வகைக்குள் பெரியவை இரண்டு: அடினோகார்சினோமா (சுரக்கும் கலங்களின் குணம் உள்ளது), ஸ்குவாமஸ் (தட்டையான செதிற் கலங்களைப் போன்றது). இவற்றை ஒருபோதும் ஒன்றாகக் கலந்து பார்க்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். சிறுகல வகைதான் மூன்றிலும் மூர்க்கமானது. ஆனால் அதை வெட்டி எடுப்பது அரிது என்பதால் ஆய்வுக்குக் கிடைக்கும் இழையமும் குறைவு. டி.சி.ஜி.ஏ. என்ற பெரிய அமெரிக்கத் திட்டத்திலேயே அது இல்லை. ஆகவே அடினோகார்சினோமாவில் தொடங்குவோம்.

முதல் மரபணு

எம்.கே.ஐ.67 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். இது உண்டாக்கும் புரதம்தான் கே.ஐ.-67. பிரியும் நிலையில் உள்ள கலத்தில் இருக்கும், ஓய்ந்திருக்கும் கலத்தில் இராது. அதனால்தான் பயொப்சி ரிப்போர்ட்டுகளில் ‘கே.ஐ.-67 இத்தனை சதவீதம்’ என்று எழுதுகிறார்கள். பெயரின் முன்பாதி ஜேர்மனியின் கீல் நகரத்தின் பெயர். 1983 இல் அங்கே இதைக் கண்டுபிடித்தவர்கள், சோதனைத் தட்டில் விடை கிடைத்த குழியின் எண்ணான 67 ஐயும் சேர்த்துப் பெயராக்கிவிட்டார்கள். நம்மூரைப் போல அதுவும் ஒரு துறைமுகப் பட்டினம்.

தேர்வுக்குக் காரணம் எளிது. பிரியும் கலங்கள் கூடினால் கட்டி வேகமாக வளரும் என்ற ஊகம் எல்லோருக்கும் விளங்கும். விளங்கும் ஒன்றில் கை பழகிய பின் விளங்காததற்குப் போகலாம்.

சுவீடனில் 2003 இல் தொடங்கிய ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தைத் திறந்து இந்தப் பெயரை இடுங்கள். நுரையீரல் இழையத்தில் நிறமேற்றிய படங்கள் வரும். அவற்றைப் பெரிதாக்கி எந்தக் கலத்தில் மண்ணிறம் ஏறியிருக்கிறது, கருவிலா வெளியிலா என்று ஒரு பத்து நிமிடம் பாருங்கள். எண்களுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு கலத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை வராது.

கட்டியும் சாதாரண இழையமும்

பீக்கிங் பல்கலைக்கழகம் நடத்தும் ஜெப்பியா2 (GEPIA2) தளத்துக்குப் போய் பெட்டி வரைபடம் கேளுங்கள். மரபணு: எம்.கே.ஐ.67. புற்று: எல்.யு.ஏ.டி., அதாவது நுரையீரல் அடினோகார்சினோமா. சிவப்புப் பெட்டி கட்டி, சாம்பல் பெட்டி சாதாரண இழையம். சிவப்பு மேலே நிற்கும்.

இப்போது பெட்டிகளுக்குக் கீழே உள்ள எண்களைப் பாருங்கள்: கட்டி 483, சாதாரணம் 347. டி.சி.ஜி.ஏ.யில் உள்ள சாதாரண நுரையீரல் மாதிரிகள் அறுபதுக்கும் குறைவு. மிச்சம் ஜி.டெக்ஸ் என்ற வேறொரு திட்டத்திலிருந்து வந்தவை. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்தவை. ஒரு பக்கம் சத்திரசிகிச்சை மேசையிலிருந்து சுடச்சுட வந்த இழையம், மறுபக்கம் மரணத்துக்குப் பின் எடுத்த இழையம். தளத்தை நடத்துபவர்கள் இரண்டையும் ஒரே முறையில் கணக்கிட்டுத்தான் தருகிறார்கள். என்றாலும் சின்ன வித்தியாசம் ஒன்றைக் கண்டு துள்ளுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கட்டியில் ஒரு மரபணு கூடியிருந்தால் அது புற்றின் அடையாளமாகலாம், வேகத்தின் அடையாளமாகிவிடாது. வேகம் தெரிய வேண்டுமென்றால் கட்டியையும் கட்டியையும் ஒப்பிட வேண்டும். படித்தவர்கள் எழுதும் கட்டுரைகளில்கூட இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதைப் பார்க்கிறேன்.

உயிர்வாழ்வு வளைகோடு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். புடாபெஸ்டைச் சேர்ந்த ஆய்வாளர் பலாஷ் டியோர்ஃபியின் குழு நடத்தும் கே.எம். புளொட்டர் தளத்தைத் தேடித் திறவுங்கள். நுரையீரலுக்கான மைக்ரோஅரே பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். பல நாடுகளில் வெளியான பல தரவுத் தொகுதிகளை அங்கே ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மரபணுப் பெயரை இட்டவுடன் பல எண்கள் வரிசையாக வரும். 212022 என்று தொடங்குவது அதில் ஒன்று. இவை புரோப்கள். ஒரே மரபணுவைச் சில்லில் பல இடத்தில் அளக்கிறார்கள். எல்லாம் ஒரே தரமானவையாக இருப்பதில்லை. ஜெட்செட் என்ற தெரிவை அமுக்கினால் நம்பகமான புரோப்பைத் தளமே தேர்ந்தெடுக்கும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு வடிவானதைப் பொறுக்கும் ஆசை வரும். வேண்டாம்.

பிறகு ஹிஸ்டோலஜியில், அதாவது கட்டியின் இழைய வகையில், அடினோகார்சினோமா. நோயாளரைப் பிரிக்கும் இடத்துக்கு (தளத்தில் அதன் பெயர் கட்-ஓஃப்) மீடியன், அதாவது நடுப்பெறுமானம். கொப்பியில் எழுதியாயிற்றா? அப்படியென்றால் வரையச் சொல்லுங்கள்.

இரண்டு கோடுகள் படிக்கட்டுப் போல இறங்கும். கறுப்பு, அந்த மரபணு குறைவாக உள்ளவர்கள், சிவப்பு, கூடியவர்கள். ஒவ்வொரு படியும் ஒரு மரணம், சிலவேளை ஒன்றுக்கு மேல். கோட்டில் நெடுகக் குத்தியிருக்கும் சின்னக் கீறுகளைக் கவனியுங்கள். அவர்கள் இறந்தவர்கள் அல்ல, அந்தத் திகதிக்குப் பிறகு தகவல் இல்லாதவர்கள். ஆய்வு முடிந்திருக்கலாம், கிளினிக்குக்கு வருவதை நிறுத்தியிருக்கலாம். ‘அந்த நாள் வரை உயிரோடிருந்தார்’ என்பது மட்டும் நமக்குத் தெரியும், அந்த அளவுக்கு மட்டும் அவரைக் கணக்கில் சேர்க்கிறோம்.

கோட்டுக்கு அடியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். குறிப்பிட்ட மாதங்களில் இன்னும் எத்தனை பேர் கணிப்பில் மிஞ்சியிருக்கிறார்கள் என்று அது சொல்லும். நான் எந்தப் படத்தையும் இங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். இடது ஓரத்தில் நூற்றுக்கணக்கில் இருப்பவர்கள் வலது ஓரத்துக்குப் போகும்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடுவார்கள். நான்கு பேர் மிஞ்சிய இடத்தில் ஒருவர் இறந்தால் கோடு மிச்ச உயரத்தில் கால்வாசியை ஒரேயடியாக இழந்துவிடும். அந்தப் பள்ளத்தைக் காட்டி ‘பத்து வருடத்தில் பெரிய வித்தியாசம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. நான்கு பேரின் கதையை நாலாயிரம் பேரின் கதையாகச் சொல்லக் கூடாது.

மூலையில் இரண்டு எண்கள் இருக்கும். எச்.ஆர். என்பது ஆபத்து விகிதம். அது 1.5 என்றால், எந்த நேரத்திலும் அதுவரை உயிரோடிருப்பவர்களை எடுத்தால், கூடிய கூட்டத்தில் மரணம் நிகழும் வீதம் ஒன்றரை மடங்கு என்று பொருள். ஆயுள் ஒன்றரை மடங்கு குறைகிறது என்று பொருள் இல்லை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ள வீச்சு 1 ஐத் தாண்டி இரு பக்கமும் கிடந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. மற்றது பி-பெறுமானம்: வித்தியாசமே இல்லாத உலகத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதன் அளவு.

சரி, இப்போது வேறெதையும் மாற்றாமல் அடினோகார்சினோமாவை ஸ்குவாமஸ் ஆக்கி மறுபடி வரையுங்கள். முதல் படத்தில் பிரிந்து நின்ற கோடுகள் இதில் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். கலம் பெருகும் வேகத்தைக் காட்டும் மரபணுக்கள் அடினோகார்சினோமாவில் முன்கணிப்புக்கு உதவுகின்றன, ஸ்குவாமஸில் அநேகமாக உதவுவதில்லை. ஸ்குவாமஸ் கட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே வேகமாகப் பெருகுபவைதான். அதனால் அந்த அளவுகோல் அவற்றுக்குள் ஆளுக்காள் பிரித்துக் காட்டுவதில்லை. இரண்டையும் கலந்து வரைந்திருந்தால் உங்கள் வளைகோடு பாதி நேரம் காட்டுவது கட்டியின் வகையைத்தான்.

கட்-ஓஃப் என்ற பொறி

அதே பக்கத்தில் ‘சிறந்த கட்-ஓஃபைத் தானாகத் தெரிவு செய்’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதை அமுக்கினால் கீழ்க் கால்மானத்துக்கும் மேல் கால்மானத்துக்கும் இடையில் உள்ள எல்லா இடங்களிலும் நோயாளரைப் பிரித்துப் பார்த்து, எங்கே கோடுகள் மிக விலகி நிற்கின்றனவோ அதைத் தளம் தரும். படம் அழகாக இருக்கும். ஆனால் பல தடவை முயன்று நல்லதைப் பொறுக்கினால் பி-பெறுமானம் தன் அர்த்தத்தை இழந்துவிடும். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஐந்து தலை தொடர்ந்து விழத்தான் செய்யும்.

கொப்பியில் முன்கூட்டியே எழுதச் சொன்னது இதற்குத்தான். மீடியன் என்று எழுதினால் மீடியன். தானியங்கித் தெரிவையும் பார்க்கலாம், தப்பில்லை; ஆனால் அங்கே கிடைத்த கட்-ஓஃபை எடுத்துக்கொண்டு வேறொரு நோயாளர் கூட்டத்துக்குப் போய் அங்கேயும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான தரவு அமெரிக்க அரசின் ஜியோ (GEO) களஞ்சியத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.இ.31210 என்று தேடினால் ஜப்பானில் சேகரித்த தொகுதி ஒன்று வரும். முதலாம், இரண்டாம் கட்ட அடினோகார்சினோமா 226, கூடவே சாதாரண நுரையீரல் 20. கட்டி திரும்பி வந்ததா இல்லையா என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. தொடங்குபவர்களுக்கு இதைவிட வசதியான தொகுதி குறைவு. 2008 இல் வெளியான ஆய்வு ஒன்றின் தரவான ஜி.எஸ்.இ.68465 இல் 440 க்கு மேற்பட்ட அடினோகார்சினோமாக்கள் இருக்கின்றன. ஜியோ2ஆர் என்ற கருவி உலாவிக்குள்ளேயே ஓடும். திரும்பி வந்தவர்களை ஒரு குழு, வராதவர்களை ஒரு குழு என்று பெயரிட்டு, வரிசைகளைத் தெரிவுசெய்து, பகுப்பாய்வு செய்யச் சொன்னால் பட்டியல் வந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கே.எம். புளொட்டரும் ஜியோவிலிருந்துதான் எடுக்கிறது. முதல் படத்துக்குள்ளேயே இருந்த அதே ஆட்களை மறுபடி எடுத்துப் ‘வேறு கூட்டத்திலும் உறுதியாயிற்று’ என்று சொன்னால் அது உறுதியாகாது. எந்தத் தொகுதிகளைச் சேர்த்து வரைந்தீர்கள் என்று பார்த்து, சோதிக்கப் போவதை முதலிலேயே விலக்கி வையுங்கள்.

கோட்டுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

இரண்டு கோடுகளும் இரண்டு கூட்டத்திலும் பிரிந்துவிட்டன என்று வையுங்கள். இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

கூடிய குழுவில் முற்றிய கட்டத்து நோயாளர் கூடுதலாக இருக்கிறார்களா? இருந்தால் மரபணு புதிதாக எதையும் சொல்லவில்லை, ஸ்கேன் ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. முதலாம் கட்டத்தை மட்டும் தெரிவுசெய்து மறுபடி வரையுங்கள். புகைத்தவர், புகைக்காதவர், ஆண், பெண் என்றும் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பிரிப்பிலும் ஆட்கள் குறைவதால் கீழே உள்ள எண்களை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, எந்தக் கலம்? கட்டியில் ஒரு துண்டு வெட்டினால் அதில் புற்றுக் கலம் மட்டுமா வருகிறது? குருதிக் குழாய், நார்க் கலங்கள், விழுங்கிகள், நிணநீர்க் கலங்கள் எல்லாம் வரும். எம்.எஸ்.4.ஏ.1 என்ற மரபணு கூடியவர்கள் நல்லபடி வாழ்கிறார்கள் என்று ஒரு மாணவி சந்தோஷமாகக் கொண்டு வந்தார். “சேர், இது புற்றைத் தடுக்கும் மரபணுவா?” என்று கேட்டார். அது சி.டி.20, பி நிணநீர்க் கலத்தின் மேற்பரப்பில் இருப்பது. அந்தக் கட்டிகளுக்குள் நோயெதிர்ப்புக் கலங்கள் கூடுதலாகப் புகுந்திருக்கின்றன என்பதுதான் செய்தி; அதுவும் நல்ல செய்திதான், ஆனால் கேள்வி வேறு. எஸ்.எஃப்.டி.பி.சி.யும் இப்படித்தான். அது கூடியிருந்தால் கட்டி தன் பழைய குணத்தை இன்னும் மறக்கவில்லை என்றும் இருக்கலாம், துண்டின் ஓரத்தில் நல்ல நுரையீரல் ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். புரோட்டீன் அட்லஸில் எந்தக் கலத்தில் நிறம் ஏறுகிறது என்று பார்த்தால் ஓரளவு தெளிவு வரும்.

மூன்றாவது, துண்டு கட்டியின் எந்த மூலையிலிருந்து வந்தது? ஒரே கட்டியின் இரண்டு இடங்களில் எடுத்த துண்டுகள் வெவ்வேறு விடை தரலாம். பிரித்தானியாவின் டிரேசர்எக்ஸ் திட்டத்தினர் ஒரே கட்டியில் பல இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டிக்குள் இடத்துக்கு இடம் மாறாத, ஆளுக்காள் மட்டும் மாறும் மரபணுக்களைப் பொறுக்கி 2019 இல் 23 மரபணுக்கள் கொண்ட ஓரக்கிள் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். எது முன்கணிக்கிறது என்று தேடுவதற்கு முன், எது நம்பி அளக்கக்கூடியது என்று தேடியிருக்கிறார்கள்.

தற்செயல் மரபணுக்களும் முன்கணிக்கும்

இதைச் செய்து பாருங்கள். ஏதாவதொரு மரபணுப் பட்டியலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பெயர்களில் விரல் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடினோகார்சினோமாவில், மீடியனில், வளைகோடு வரையுங்கள். இருபதுக்கு ஒன்றுதான் தற்செயலாக 0.05 க்குக் கீழே வர வேண்டும். அதைவிடக் கூடவே வரும்.

2011 இல் இதை மார்பகப் புற்றில் முறையாகச் செய்து காட்டினார்கள். பெயர்போன 47 மரபணுத் தொகுப்புகளை, கண்மூடித்தனமாகப் பொறுக்கிய தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். நூறு மரபணுவுக்கு மேல் இருந்தால் தற்செயல் தொகுப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிர்வாழ்வோடு தொடர்பு காட்டின. சாப்பிட்டபின் சிரிப்பதோடு சம்பந்தப்பட்ட மரபணுத் தொகுப்பு ஒன்றும் புற்றுநோயாளரின் ஆயுளைக் கணித்தது! காரணம், கலப்பிரிவோடு தொடர்புள்ள மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. எந்தக் கைப்பிடியை அள்ளினாலும் அவற்றில் சில சிக்கும். சூடை மீன் பாடு வரும் காலத்தில் கரைவலையை எந்தத் துறையில் இழுத்தாலும் சூடை ஏறத்தான் செய்யும். அதை வைத்து வலைக்காரரின் கெட்டித்தனத்தைச் சொல்ல முடியுமா?

ஆகவே உங்கள் மரபணு எம்.கே.ஐ.67 ஐவிடக் கூடுதலாக எதையாவது சொல்கிறதா என்று கேளுங்கள். ஜெப்பியா2 இல் இரண்டுக்கும் உள்ள இணைபைப் பார்க்கலாம். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறினால் நீங்கள் கண்டது அதே கலப்பிரிவுதான், வேறு பெயரில்.

கலப்பிரிவைத் தாண்டி யோசித்த ஒரு வேலையைச் சொல்லவேண்டும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் சோஃபி ரூசோ, சாதி கொச்பின் ஆகியோரின் குழு 2013 இல் வெளியிட்டது. விரையிலும் சூல்வித்தகத்திலும் மட்டும் இயங்கி, மற்ற முதிர்ந்த இழையங்களில் வாய்மூடிக் கிடக்க வேண்டிய மரபணுக்கள் உண்டு. கட்டிகளில் அவை இடந்தவறி விழித்துக்கொள்கின்றன. 293 நுரையீரல் கட்டிகளில் பார்த்தபோது, அப்படி விழித்த 26 மரபணுக்கள் மூர்க்கமான, வேறிடம் பரவும் கட்டிகளோடு தொடர்பு காட்டின. இங்கே கேள்வி கூடவா குறைவா என்பதல்ல, விழித்ததா உறங்குகிறதா என்பது. கட்-ஓஃபை எங்கே வைப்பது என்ற தலையிடி இதில் பெருமளவு குறைகிறது, ஏனென்றால் நல்ல நுரையீரலில் அளவு ஏறத்தாழப் பூச்சியம். அந்தத் தரவு ஜி.எஸ்.இ.30219 என்ற எண்ணில் திறந்தே இருக்கிறது. எம்.கே.ஐ.67 இல் கை பழகிய பின் அடுத்ததாக இதை எடுக்கச் சொல்வேன்.

எக்செல்

கோப்பைத் தரவிறக்கி எக்செலில் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செப்ட்2, மார்ச்1 என்ற பெயருள்ள மரபணுக்களை எக்செல் திகதி என்று நினைத்து செப்டெம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிடும். 2016 இல் கணக்கெடுத்தபோது, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020 இல் மரபணுக்களின் பெயரையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டார்கள். பழைய கோப்புகளில் பழைய பெயர்தான். அந்த நிரலை எழுத்து வடிவம் என்று குறித்து உள்ளே எடுங்கள்.

வரிசை நழுவுவது இதைவிட ஆபத்து. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மரபணு முன்கணிப்பு ஆய்வுகளை எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் மையத்தின் பாகர்லி, கூம்ஸ் என்ற இரு புள்ளிவிபரவியலாளர்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பட்டியல்கள் ஒரு வரி இறங்கி, ஒவ்வொரு மரபணுவுக்கும் பக்கத்து மரபணுவின் பெயர் ஒட்டியிருந்த இடங்களைக் கண்டார்கள். அதே குழு நுரையீரல் புற்று பற்றி 2006 இல் வெளியிட்ட கட்டுரையும் 2011 இல் மீளப்பெறப்பட்டது. எதையாவது ஒட்டினால், எஸ்.எஃப்.டி.பி.சி. சாதாரண நுரையீரலில் உச்சத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். இல்லையென்றால் வரிசை நழுவிவிட்டது.

ரிப்போர்ட்டைக் கொண்டு வருபவர்கள்

இதையெல்லாம் செய்யத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் தெரியவரும். மூதூரிலிருந்தோ உப்புவெளியிலிருந்தோ ஒருவர் பைலோடு வருவார். “தம்பி, மாமாவின்ர ரிப்போர்ட். உங்கட கொம்பியூட்டரில ஒருக்காப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கோ.” போடக் கூடாது. வளைகோடு கூட்டத்தைப் பற்றியது. சிவப்புக் கோட்டிலும் பல வருடம் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், கறுப்பிலும் சீக்கிரம் போனவர்கள் இருக்கிறார்கள். டி.சி.ஜி.ஏ.யில் உள்ளவர்களில் பெரும்பாலோர் வெள்ளையின அமெரிக்கர் என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்த ரிப்போர்ட்டில் பெரும்பாலும் நீங்கள் பார்த்த விஷயமே இராது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்று எழுதியிருந்தால் அது மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். எந்த மாத்திரை வேலை செய்யும் என்று தெரிவதற்கு. பி.டி.-எல்.1 சதவீதம் நோயெதிர்ப்பு மருந்து பற்றிய முடிவுக்கு. இரண்டும் சிகிச்சையைத் தேர்வதற்கான சோதனைகள். அவற்றைப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புக்கோ கிளினிக் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்து உதவலாம்: கட்டியின் வகை என்ன, கட்டம் என்ன, இந்தச் சோதனைகளுக்கு இழையம் மிச்சம் இருக்கிறதா.

வெளிப்பாட்டை அளந்து வேகத்தைச் சொல்லும் சோதனைகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. 2012 இல் லான்செட் இதழில் வந்த 14 மரபணுச் சோதனை ஒன்று, வெட்டி எடுத்த ஸ்குவாமஸ் அல்லாத கட்டிகளுக்கானது. அதில் 11 புற்றோடு தொடர்புள்ளவை, 3 ஒப்பீட்டுக்கு. மெழுகில் பதித்த சாதாரண பயொப்சி இழையத்திலேயே செய்யலாம் என்பது அதன் சிறப்பு. கலிஃபோர்னியாவிலும் சீனாவிலும் வேறு வேறு கூட்டங்களில் சோதித்தும் பார்த்தார்கள். ஆனால் இப்படி மேலே வந்தவை மிகக் குறைவு. 2010 இல் இருவர் அதுவரை வெளியான 16 ஆய்வுகளை ஒன்றொன்றாக அலசிவிட்டு, ஒன்றுகூட வைத்தியசாலைப் பாவனைக்கு ஆயத்தமில்லை என்று எழுதினார்கள். அவர்கள் கண்ட குறைகளில் பல நீங்கள் மேலே வாசித்தவைதான்.

அடுத்து என்ன?

உலாவிக் கருவிகளில் கை பழகியதும் ஆர் மொழிக்கு வாருங்கள். இலவசம். சர்வைவல் என்ற பொதியை நிறுவினால் வளைகோடு நான்கைந்து வரிகளில் வரும். கட்டம், வயது, பால் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்துப் பார்க்கலாம். யு.சி.எஸ்.சி. சீனா (Xena) தளத்தில் டி.சி.ஜி.ஏ. தரவு துப்புரவான அட்டவணையாகவே கிடைக்கும். 8 ஜி.பி. நினைவகம் உள்ள லப்டொப் தாராளம். கோப்பு பெரிது என்பதால் இரவு டேட்டாவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விரிவுரையாளரிடம் காட்டப் போகும்போது படத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள். தொகுதியின் எண், புரோப், கட்-ஓஃப், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், எத்தனை மரணம், எந்தத் திகதியில் ஓடவிட்டீர்கள் என்பதும் படத்தோடு இருக்க வேண்டும். தளங்கள் தரவைப் புதுப்பிக்கும். ஆறு மாதம் கழித்து ஓடவிட்டால் எண் கொஞ்சம் மாறும். அப்போது உங்கள் கணக்கில் பிழையா, தளம் மாறியதா என்று அந்தத் திகதியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.